வேல்ஸ் கிராமத்தில் காட்டேஜ் எடுத்துத் தங்குவது: முதல் தடவை போகிறவர்களுக்கு

காட்டேஜ் எடுக்கிறோம் என்றால் ஒரு வாரத்துக்கு ஒரு பண்ணை வீட்டுக்குக் குடிபோகிறோம் என்று அர்த்தம். ராத்திரி பத்து மணிக்குப் பால் தீர்ந்துவிட்டது என்று கூப்பிட்டுச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீடு எதில் சூடாகிறது, கழிவு எங்கே போகிறது என்பதையெல்லாம் அந்த ஏழு நாளும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இது தெரிந்து போகிறவர்களுக்கு அந்த வாரம் வருஷம் முழுக்க நினைவில் நிற்கும். தெரியாமல் போகிறவர்கள் முதல் இரண்டு நாளைக் குளிரிலும் அலைச்சலிலும் கழிக்கிறார்கள், முதல் தடவை நாங்கள் கழித்த மாதிரி. பர்மிங்காமிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோடு போய்வருகிறோம், பெரும்பாலும் நடு வேல்ஸில் ரேயடர் ஊரைச் சுற்றித்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எப்போது, எங்கே

பெரும்பாலான வீடுகளை வெள்ளி முதல் வெள்ளி, அல்லது சனி முதல் சனி என்று வாரக் கணக்கில்தான் விடுவார்கள். சீசன் இல்லாத மாதங்களில் வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று ராத்திரி, திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு ராத்திரி என்றும் கிடைக்கும். திங்கள் முதல் வெள்ளி எடுத்தால் வார இறுதி விலைக்கே ஒரு ராத்திரி கூடுதலாகக் கிடைப்பது உண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லாதவர்கள் அதைப் பாருங்கள். பள்ளி விடுமுறையில், முக்கியமாக ஆகஸ்டில், விலை ஏறிவிடும். என்னைக் கேட்டால் மே மாதம்தான் முதல் தேர்வு. வெயில் இருக்கும், ஆட்டுக்குட்டிகள் துள்ளிக்கொண்டிருக்கும், ஒன்பது மணி வரை வெளிச்சம். அடுத்தது செப்டம்பர். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். விடுமுறை வீட்டை வணிகச் சொத்தாகக் கணக்கில் எடுக்க, வருஷத்தில் 182 நாளாவது அது வாடகைக்குப் போயிருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் வேல்ஸில் விதி வந்தது. அந்த எண்ணிக்கையைத் தொடாவிட்டால் கவுன்சில் வரி, பல இடங்களில் அதற்கு மேல் கூடுதல் வரியும் சேர்ந்து வரும். அதனால் நவம்பரிலும் ஜனவரியிலும் வீடு காலியாகக் கிடப்பதை உரிமையாளர்கள் விரும்புவதில்லை. அந்த மாதங்களில் நேராக எழுதிக் கேளுங்கள், விலை குறைத்துத் தர வாய்ப்பு அதிகம்.

இடத்தைப் பொறுத்தவரை, மலை ஏற வேண்டும் என்றால் வடக்கே எரரி. ஸ்னோடோனியா என்று நாம் கேள்விப்பட்டதுதான், 2022 முதல் தேசியப் பூங்கா நிர்வாகம் வெல்ஷ் பெயரையே சொல்கிறது. 1085 மீட்டர் உயரமுள்ள அர் உயித்வா, அதாவது ஸ்னோடன் மலை, அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கடற்கரை வேண்டும் என்றால் பெம்ப்ரோக்‌ஷைர். லண்டனிலிருந்து அதிகம் ஓட்டாமல் மலை பார்க்க வேண்டும் என்றால் தெற்கே பிரெக்கன் பீக்கன்ஸ், இப்போது பன்னை பிரஹைனியோக். வழியில் வேல்ஸுக்குள் நுழைகிற செவர்ன் பாலத்துக்குச் சுங்கம் 2018 டிசம்பரோடு போய்விட்டது. இதெல்லாம் வேண்டாம், கூட்டமே இல்லாமல் ஆடும் ஆறும் குன்றுமாக இருந்தால் போதும் என்றால் நடு வேல்ஸ்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசலில் பூந்தொட்டி எல்லா வீட்டிலும் இருக்கும். ஆறு பேர் தங்கலாம் என்று போட்டிருந்தால் அதில் இரண்டு பேர் ஹாலில் சோஃபா கட்டிலில் படுக்க வேண்டியிருக்கலாம், குளியலறையும் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். எத்தனை பேர் என்ற கணக்கில் ஒரு ஆள்கூடக் கூடக் கூடாது. காப்பீடு அந்த எண்ணிக்கைக்குத்தான். 'ஒரு ராத்திரிதானே' என்று சித்தி குடும்பத்தையும் கூப்பிட்டுப் படுக்க வைக்காதீர்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் கீழ்த்தளத்தில் படுக்கையும் கழிப்பறையும் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்தப் பழைய பண்ணை வீடுகளில் மாடிப்படி செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், வாசல் நிலை தலையில் இடிக்கும் உயரத்தில் இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு அந்தப் படியில் இறங்குவது எழுபது வயதுக்காரர்களுக்குச் சரிப்படாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்துக்கு வேலி இருக்கிறதா, பக்கத்தில் ஓடையோ குளமோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் சூடு. பல கிராமங்களுக்குக் குழாய் எரிவாயு கிடையாது. எண்ணெய் பாய்லர், கேஸ் டேங்க், மின்சார ஹீட்டர் என்று வீட்டுக்கு வீடு மாறும். அந்தச் செலவு வாடகையில் சேர்த்தியா, இல்லை மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்களா? விறகு எத்தனை கூடை கொடுப்பார்கள், தீர்ந்தால் எங்கே வாங்குவது? அடுப்பு எது, இன்டக்‌ஷனா, கேஸா, ஆகா என்கிற பெரிய இரும்பு அடுப்பா? படுக்கை விரிப்பும் துண்டும் தருவார்களா? மொபைல் சிக்னல் எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும்? கடைசி ஒரு மைல் ரோடு எப்படி, தாழ்வான கார் போகுமா? மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் சார்ஜ் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்காமல் சுவர் பிளக்கில் செருகுவது தப்பு, பழைய வயரிங் தாங்காது. இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதுகிற உரிமையாளர் கிடைத்தால் அந்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சமையலறை கொஞ்சம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை.

வழி: இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்

நாங்கள் முதலில் போனது ஒரு நவம்பர். வேலை முடித்துக் கிளம்பி, ஏழு மணிக்குக் கும்மிருட்டில் மழையோடு போய் ஒரு பண்ணை வாசலில் நின்றோம். பெயர்ப் பலகை சரியாகத்தான் இருந்தது, ஆனால் சாவிப் பெட்டி எங்கேயும் இல்லை. நாய் குரைத்தது, ஒரு பெரியவர் டார்ச்சோடு வந்தார், பலகையின் கடைசிச் சொல்லில் வெளிச்சம் அடித்துக் காட்டினார். நாங்கள் நின்றது மேல்வீடு, எங்களுக்குப் போக வேண்டியது கீழ்வீடு. நம் ஊரில் மேலத்தெரு கீழத்தெரு இருப்பதுபோல அங்கே ஒரே பெயரில் இரண்டு பண்ணைகள் இருக்கும். 'இஹாவ்' என்றால் மேல், 'இசாவ்' என்றால் கீழ். பலகையில் அந்தச் சொல் ஆங்கில யு-வில் தொடங்கினால் மேல்வீடு, ஐ-யில் தொடங்கினால் கீழ்வீடு. தபால் குறியீடு இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம், ஏனென்றால் கிராமப்புறத்தில் ஒரு குறியீட்டுக்குள் பல பண்ணைகள் வந்துவிடும். அதனால் சாட்நாவை மட்டும் நம்பாதீர்கள். உரிமையாளர் எழுதி அனுப்பும் வழிக்குறிப்பைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மேப்பை முன்பே போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

வழியில் சாலையில் பெரிய வெள்ளை எழுத்தில் 'அராவ்' என்று எழுதியிருக்கும், மெதுவாக என்று பொருள். 2023 செப்டம்பர் முதல் வீடுகள் உள்ள தெருக்களில் பொது வேக வரம்பு 20 மைல்தான், இங்கிலாந்து பழக்கத்தில் 30-இல் போகாதீர்கள். கடைசிப் பெரிய ஊரிலேயே பெட்ரோல் போட்டுவிடுங்கள்.

ஒற்றைத் தட ரோடுதான் புதியவர்களுக்குப் பயம். இரண்டு பக்கமும் ஆள் உயர உயிர்வேலி, நடுவில் ஒரு கார் போகும் அகலம், சில இடத்தில் நடுவே புல் முளைத்திருக்கும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் போகக் கூடாது, அதற்கு எதிரே உங்கள் பக்கத்திலேயே நின்றால் எதிர்வண்டி அதில் ஒதுங்கிப் போகும். கடந்து வந்த ஒவ்வொரு ஒதுங்கிடத்தையும் மனதில் வைத்துக்கொண்டே ஓட்டுங்கள், யாருக்கு அது பக்கமோ அவர்தான் பின்னால் எடுப்பார். மேடேறி வருகிறவருக்கு வழி விடுங்கள். எதிரே டிராக்டர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தால் யோசிக்கவே வேண்டாம், நீங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் எடுத்துப் பழக்கம் இல்லாதவர்கள் கிளம்புவதற்கு முன் ஏதாவது காலி கார் பார்க்கில் அரை மணி நேரம் பழகிவிட்டு வாருங்கள். கடந்து போகும்போது கையைத் தூக்கி நன்றி சொல்வது அங்கே கட்டாயம் மாதிரி.

போய் இறங்கிய முதல் மணி நேரம்

சாவி வாசல் பக்கத்தில் எண் போட்டுத் திறக்கும் சிறு பெட்டியில் இருக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் அந்த எண் மின்னஞ்சலில் மட்டும் இருந்து பயனில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு முன்னால் போகாதீர்கள், சுத்தம் செய்கிறவர்கள் உள்ளே இருப்பார்கள்.

சாமான் இறக்குவதற்கு முன்னால் மேசையில் இருக்கும் ஃபைலைப் படியுங்கள். வைஃபை பாஸ்வேர்டு மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், முழுசாக. ஃபியூஸ் பெட்டி எங்கே, தண்ணீர் மூடும் குழாய் எங்கே, சுடுதண்ணீர் சுவிட்ச் எது, எந்தக் குப்பை எந்தப் பெட்டியில். வேல்ஸில் மறுசுழற்சியை ரொம்பக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள், சாப்பாட்டு மிச்சத்துக்குத் தனி டப்பா இருக்கும். ஏதாவது உடைந்திருந்தால், ஹீட்டர் ஓடவில்லை என்றால், அப்போதே படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். கடைசி நாள் சொல்லிப் பயனில்லை. வீட்டு வைஃபை வழியாகப் போன் பேசும் வசதியைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள், இரண்டடி கல் சுவருக்குள் சிக்னல் வராது. அவசரத்துக்கு 999-க்கு குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் அதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை 999-க்கு அனுப்பினால் என்ன செய்ய வேண்டும் என்று பதில் வரும். வீட்டில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

கழிவு செப்டிக் டேங்குக்குப் போகிற வீடு என்றால் டாய்லெட்டில் காகிதம் தவிர எதுவும் போடக் கூடாது. ஈரத்துடைப்பான், நாப்கின், சமையல் எண்ணெய் எதுவுமே. அடைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காது.

விறகு அடுப்பு

லாக் பர்னர் என்பது இரும்புப் பெட்டிக்குள் கண்ணாடிக் கதவு போட்ட கணப்பு. குளிரில் போகிறவர்களுக்கு வீட்டின் உயிரே அதுதான், ஆனால் நம்மில் நிறையப் பேர் அதைப் புகைமூட்டமாக்கிவிட்டுக் கைவிட்டுவிடுகிறார்கள். இப்படிச் செய்து பாருங்கள். கீழேயும் மேலேயும் காற்று வரும் திறப்புகளை முழுக்கத் திறந்துவிடுங்கள். இரண்டு சின்ன விறகை அடியில் இணையாக வையுங்கள், மேலே விரல் தடிமனுள்ள சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள், உச்சியில் ஒரு தீமூட்டி வைத்துப் பற்ற வையுங்கள். மேலிருந்து கீழே எரியட்டும். புகைபோக்கி சீக்கிரம் சூடாகும், புகை அறைக்குள் வராது. கதவை முதல் சில நிமிடம் ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தி வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். சுள்ளி எல்லாம் பிடித்து நன்றாக எரிய ஆரம்பித்ததும் கதவை மூடி, கீழ்த் திறப்பைக் குறைத்து, மேல் திறப்பால் தீயைக் கட்டுப்படுத்துங்கள். அப்புறம் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு விறகு போதும்.

கண்ணாடி கறுத்துப்போனால் விறகு ஈரம், அல்லது காற்றை ரொம்பக் குறைத்துவிட்டீர்கள். ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கட்டும் என்று காற்றை முழுக்க அடைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் சுவரில் இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள். சாம்பலை இரும்பு வாளியில் மட்டும் அள்ளி வெளியே வையுங்கள், ஆறிவிட்ட மாதிரி தெரியும் சாம்பலுக்குள் அடுத்த நாளும் கங்கு இருக்கும்.

நம் சமையல்

சமைத்துச் சாப்பிடத்தானே காட்டேஜ். அஞ்சறைப் பெட்டி, பருப்பு, அரிசி, புளி, நல்லெண்ணெய் எல்லாம் வீட்டிலிருந்தே. ரேயடர் மாதிரி சின்ன ஊரில் கறிவேப்பிலையைத் தேடி அலைய வேண்டாம். காய்கறி, பாலுக்கு உள்ளூர்க் கடை. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், சின்னக் கடைகள் எப்போது மூடும் என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். பண்ணை வாசல்களில் முட்டைப் பெட்டியும் பக்கத்தில் ஒரு உண்டியலும் வைத்திருப்பார்கள். ஆள் இருக்க மாட்டார், காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். சில்லறை வைத்திருங்கள்.

இன்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கரும் பித்தளையும் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாகக் கொண்டு போங்கள். ஆகா என்பது நாள் முழுக்கச் சூடாகவே இருக்கும் பெரிய வார்ப்பிரும்பு அடுப்பு, தீயைக் கூட்டிக் குறைக்க முடியாது, கொதிக்க ஒரு தட்டு, மெல்ல வேக ஒரு தட்டு. அடி உருண்ட வாணலி அதில் ஆகாது. சில வீடுகளில் அலமாரியில் பேக்ஸ்டோன் என்று ஒரு கனத்த இரும்புத் தட்டு இருக்கும், வெல்ஷ் கேக் சுடுவதற்கு. நம் தோசைக்கல்லேதான்! உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, அதில் தோசை வார்த்தோம், ஓரம் முறுகலாக, கல்லை விட்டுத் தானே எழும்பி வந்தது.

மாவு புளிக்குமா என்று கேட்பீர்கள். சமையலறையில் வைத்தால் புளிக்காது. மாடியில் சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் சின்ன அலமாரியைத் தேடுங்கள், துண்டுகளைக் காய வைக்கிற இடம், ஏரிங் கப்போர்டு என்பார்கள். ராத்திரி அதற்குள் மாவுப் பாத்திரத்தை வையுங்கள், அடியில் ஒரு தட்டு போட்டு, பாதிக்கு மேல் நிரப்பாமல். காலையில் பொங்கியிருக்கும்.

தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, ஹாலுக்குப் போகும் கதவைச் சாத்திவிடுங்கள். மிளகாய் வறுத்தால் புகை அலாரம் வீடே அதிரக் கத்தும். அதற்காக அலாரத்தைத் துணி போட்டு மூடவே கூடாது. மஞ்சள் கறை வெள்ளைத் துண்டிலும் மரப் பலகையிலும் போகாது, பழைய துணியும் ஒரு வெட்டும் பலகையும் நீங்களே எடுத்துப் போங்கள்.

வெளியே போவது

ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். பத்து மைல் என்பது அங்கே அரை மணி நேரம். கேட்டைத் திறந்தால் மூடுங்கள், திறந்தே இருந்தால் அப்படியே விடுங்கள், விவசாயி காரணத்தோடுதான் விட்டிருப்பார். கன்றோடு மாடு நிற்கும் வயலில் நடுவே போகாமல் ஒதுங்கிப் போங்கள். பெரணி மண்டிய பாதையில் நடந்து வந்தால் ராத்திரி பிள்ளைகளின் கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் ஆளுக்கு ஒன்று, ஜூலையிலும்.

ஈலான் பள்ளத்தாக்கு அணைகளை விட்டுவிடாதீர்கள். 1904-இல் ஏழாம் எட்வர்டு மன்னர் திறந்துவைத்தது. அங்கிருந்து 73 மைல், பம்ப் இல்லாமல் சரிவிலேயே ஓடி வந்துதான் பர்மிங்காமுக்குத் தண்ணீர் சேர்கிறது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது அதுதான் என்று அணை மேல் நின்று சொன்னபோது என் மகள் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வானமும் இருட்டுக்காகவே பாதுகாக்கப்பட்டது, மேகமில்லாத ராத்திரி பால்வீதியை வெறும் கண்ணால் பார்க்கலாம்.

தண்ணீருக்காக ஊரே மூழ்கிய கதையும் வேல்ஸில் உண்டு. லிவர்பூலுக்காக 1965-இல் கபெல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமத்தை மூழ்கடித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் ட்ரவெரின். 'ட்ரவெரினை மறவாதே' என்ற சுவர் எழுத்து அபரிஸ்ட்வித்துக்குத் தெற்கே சாலையோரம் இருக்கிறது. மொழிக்காகப் போராடியவர்கள் ஊர் நமக்குப் புரியாதா? கடையில் 'போரே தா' என்று காலை வணக்கம், 'தியோல்ஹ்' என்று நன்றி சொல்லிப் பாருங்கள், முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

தென்மேற்கே கார்மார்தன்‌ஷைர் பக்கம் தங்கினால் ஸ்கந்த வேலுக்குப் போய்வாருங்கள். இலங்கையில் பிறந்த குரு சுப்பிரமணியம் 1973-இல் தொடங்கிய ஆசிரமம், முருகன் கோயில் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் லான்பிம்சைந்த், ஐந்து புனிதர்களின் கோயில் என்று பொருள். பூஜை நேரத்தையும் போகும் முன் அசைவம் தவிர்க்க வேண்டிய நாட்களையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள்

பெரும்பாலும் காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும், அடுத்த குடும்பம் அன்றே வருகிறது. முந்தின ராத்திரியே பாதி கட்டிவிடுங்கள். பாத்திரம் கழுவி, குப்பையைப் பிரித்துப் போட்டு, விறகுக் கூடையைக் கதவோரம் வைத்து, ஹீட்டரைக் ஃபைலில் சொன்ன அளவுக்குக் குறைத்துவிட்டு, சாவியைப் பெட்டியில் போட்டு எண்ணைக் கலைத்துவிடுங்கள். விருந்தினர் நோட்டில் நாலு வரி எழுதுங்கள், எந்த ரோட்டில் ஒதுங்கிடம் எங்கே, எந்தக் கடை எப்போது திறக்கும் என்று உங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கு உதவுகிற மாதிரி. கதவைப் பூட்டுவதற்கு முன் கட்டிலுக்கு அடியில் சார்ஜர், கொடியில் பிள்ளைகளின் சாக்ஸ், கடைசியாக மாடி ஏறி ஏரிங் கப்போர்டில் மாவுப் பாத்திரம்.